ஓடுகிற குழந்தைக்கு எது? ஓடாத ரவிக்கைக்கு எது?

வீட்டுக்கு ஒரு மிக்ஸி வாங்குவதென்றால் நாம் நாலு வீட்டில் விசாரிக்கிறோம். எத்தனை ஜார், மோட்டார் சூடாகுமா, பழுது பார்க்க ஆள் உண்டா என்றெல்லாம் குடைந்து கேட்கிறோம். அதைப்போலப் பல மடங்கு விலையுள்ள காமிரா என்று வரும்போது மட்டும், "எனக்கென்ன தெரியும், நீங்களே பார்த்து வாங்கிட்டு வாங்க" என்று ஒதுங்கிக்கொள்கிறோம். அவர்களும் வாங்கி வருகிறார்கள். முதல் மாதம் அது கழுத்தில் தொங்குகிறது. ஆறாவது மாதம் பட்டுப்புடவைகளுக்கு அடியில் தூங்குகிறது.

எங்கள் தெருவில் ஓர் இளம் தாய் இருக்கிறாள். பதினோரு மாதப் பெண் குழந்தை. ஆரி வேலைப்பாடு செய்த ரவிக்கைகள் தைத்து, படம் எடுத்து, வாட்ஸ்அப்பில் அனுப்பி விற்கிறாள். இரண்டு வருஷம் கட்டிய சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் என்னிடம் ஓடி வந்தாள்.

"அக்கா, வீட்ல எல்லாரும் தோடு வாங்குன்னு சொல்றாங்க. எனக்குக் காமிராதான் வேணும். தப்பா வாங்கிட்டேன்னா, 'அப்பவே சொன்னோமே'ன்னு ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாங்க. எதை வாங்கறது, நீங்களே சொல்லுங்க."

நியாயமான பயம். தோடு என்றால் அவசரத்துக்கு அடகு வைக்கலாம். காமிராவின் விலையோ கடைப்படி இறங்கிய அன்றே குறைய ஆரம்பித்துவிடும். எனக்குப் போட்டோ எடுப்பதில் கொஞ்சம் பழக்கம் உண்டு. மைத்துனர் மகனிடமிருந்து ஒரு காமிராவை இரவல் வாங்கினேன். இன்னொன்றை வாடகைக்கு எடுத்தேன். இரண்டையும் தூக்கிக்கொண்டு இரண்டு வாரம் புதுச்சேரியைச் சுற்றினேன். அவளுக்காகப் பார்த்தது உங்களுக்கும் பயன்படட்டும்.

போன் இருக்கும்போது எதற்கு?

கையிலிருக்கும் போனே நல்ல வெளிச்சத்தில் அருமையாக எடுக்கிறது. உங்களுக்கு அது போதுமென்றால் பணத்தைச் செலவழிக்காதீர்கள். ஆனால் லென்ஸ் மாற்றும் காமிராவில் இரண்டு லாபங்கள் உண்டு. ஒன்று, உள்ளே ஒளியை வாங்கிக்கொள்ளும் சென்ஸார் பெரியது. நான் பார்த்த காமிராக்களில் அது ஏறக்குறைய 22 மில்லிமீட்டருக்கு 15 மில்லிமீட்டர். போனில் இருப்பதைவிடப் பல மடங்கு. வாசல் பெரிதாக இருந்தால் வீட்டுக்குள் வெளிச்சம் கூடுதலாக வருவதைப் போலத்தான். இரண்டாவது, இட்லித் தட்டை எடுத்துவிட்டு இடியாப்பத் தட்டைப் போடுவதுபோல, வேலைக்குத் தகுந்த லென்ஸை மாட்டிக்கொள்ளலாம்.

அதற்காக லென்ஸ்களை வாங்கிக் குவிக்கவும் வேண்டாம். 1950 ஏப்ரலில் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன் எங்கள் ஊருக்கு வந்தார். பல ஆண்டுகளாக யாரும் படமெடுக்க அனுமதிக்கப்படாத ஸ்ரீ அரவிந்தரை எடுத்தார். அதே ஆண்டு டிசம்பரில் அரவிந்தர் மறைந்தார். அந்தப் படங்கள் உலகம் முழுதும் பரவின. இந்தக் கலைஞர் ஆயுள் முழுதும் பெரிதும் நம்பியது கைக்கு அடக்கமான ஒரு லைக்கா காமிராவையும், 50 மி.மீ. லென்ஸையும்தான். மூட்டை மூட்டையாகச் சாமான் சுமந்தவர் அல்லர் அவர்.

இரண்டு காமிராக்கள்

முதலாவது கேனன் 1500டி. 2018ல் வந்தது. டி.எஸ்.எல்.ஆர். என்ற பழைய ஜாதி. உள்ளே ஒரு கண்ணாடி இருக்கிறது. அதில் பட்டு வரும் காட்சியைத்தான் வியூபைண்டரில் கண் வைத்துப் பார்க்கிறோம். பாட்டரி, கார்டு சேர்த்து உடல் மட்டும் 475 கிராம்.

இரண்டாவது கேனன் ஆர்50. 2023ல் வந்தது. இதில் கண்ணாடி கிடையாது, மிர்ரர்லெஸ் என்கிறார்கள். வியூபைண்டரில் தெரிவதும் ஒரு குட்டித் திரைதான். பாட்டரி, கார்டு உட்பட 375 கிராம்.

கடைக்காரர்கள் முதலில் சொல்வது "இருபத்து நாலு மெகாபிக்ஸல் மேடம்" என்பதைத்தான். இரண்டுமே 24தான்! 6000க்கு 4000 புள்ளிகள். இருபது அங்குல அகலத்துக்குப் பிரிண்ட் போட்டு நடுக்கூடத்தில் மாட்டலாம். எனவே அந்த எண்ணை மறந்துவிடுங்கள். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. நான் எடுக்கப்போவது அசையாமல் இருக்குமா, ஓடுமா?

அசையாதவை: ரவிக்கை, சமையல், கோலம்

அவள் தைத்த ரவிக்கை ஒன்றைக் கிழக்கு ஜன்னலோரம் மேஜையில் விரித்தேன். ஜன்னலுக்கு எதிர்ப்புறம் ஒரு வெள்ளை சார்ட் அட்டையை நிமிர்த்தி வைத்தேன். டியூப் லைட்டை அணைத்தேன். இரண்டு காமிராவிலும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவளிடம் காட்டினேன். "எது எதுன்னே தெரியலையேக்கா!" என்றாள். எனக்கும் தெரியவில்லை.

அசையாத பொருளுக்குக் காமிராவைவிட வெளிச்சம்தான் முக்கியம். ஜன்னல் வெளிச்சத்தையும் டியூப் லைட்டையும் கலந்தால் அரக்கு நிறம் பழுப்பாகும். வாங்கியவர் "படத்தில் வேறு கலர்" என்று திருப்பி அனுப்புவார். அதைத் தவிர்க்க, அதே வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் படமெடுத்து, "இதுதான் வெள்ளை" என்று காமிராவுக்குச் சொல்லிக்கொடுக்கும் வசதி இரண்டிலும் உண்டு. ஜரிகை, கண்ணாடி வேலைப்பாடு உள்ள துணிக்கு பிளாஷ் போடாதீர்கள். பளீரென்று ஓட்டை விழுந்ததுபோல் ஆகிவிடும்.

கோலத்துக்கு மட்டும் ஆர்50க்கு ஒரு மார்க் கூடுதல். அதன் திரை வெளியே மடிந்து திரும்பும். காமிராவைத் தலைக்கு மேல் தூக்கி, திரையைக் கீழே திருப்பிக்கொண்டால், மார்கழிக் கோலம் முழுவதும் கோணாமல் வருகிறது. 1500டியின் திரை அசையாது. ஸ்டூல் போட்டு ஏறித்தான் எடுத்தேன்.

சமையல் குறிப்பு, கைவினை, நகை, பழைய பாத்திரம், கட்டடம் இவற்றை எடுப்பதுதான் உங்கள் விருப்பம் என்றால், விலை குறைந்த 1500டி தாராளமாகப் போதும்.

ஓடுபவை: குழந்தைகள்

அடுத்தது அவள் பெண். பதினோரு மாதம் என்றால் கேட்க வேண்டுமா? தவழ்ந்து நாற்காலி காலைப் பிடித்து எழுந்து, இரண்டு விநாடி நிற்கும், பொத்தென்று உட்காரும். அந்த இரண்டு விநாடிக்குத்தானே இத்தனை பாடும்!

1500டி ஒன்பது இடங்களில்தான் போகஸ் பார்க்கிறது. அவை படத்தின் நடுப்பகுதியைச் சுற்றியே இருக்கின்றன. குழந்தை ஓரத்துக்கு நகர்ந்தால், பின்னாலிருக்கும் பீரோ துல்லியமாகவும் குழந்தை மங்கலாகவும் வருகிறது. விநாடிக்கு மூன்று படம் எடுக்கும். ஆர்50 அப்படியல்ல. ஏறக்குறைய திரை முழுவதும் போகஸ் பார்க்கிறது. முகத்தைக் கண்டுபிடித்து, கண்ணைக் கண்டுபிடித்து, குழந்தை எங்கே போனாலும் கூடவே போகிறது. விநாடிக்குப் பதினைந்து படம் வரை எடுக்கும். தூங்கும் குழந்தை எழுந்துவிடாமல் சத்தமே இல்லாமல் எடுக்கும் ஏற்பாடும் உண்டு.

நான் எண்ணிப் பார்த்தேன். நாற்காலியைப் பிடித்து நின்ற காட்சியை ஒவ்வொன்றிலும் இருபது தடவை எடுத்தேன். 1500டியில் ஏழு தேறியது. ஆர்50ல் பதினேழு. இது ஒரு வீட்டில், ஒரு குழந்தையை வைத்துப் பார்த்த கணக்குதான். ஆனால் அந்த ஒரு வீட்டுக்காரிக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது.

வீடியோவிலும் இதே கதை. 1500டி வீடியோ எடுக்கும்போது, நகரும் குழந்தையைத் தானாகப் பின்தொடர்ந்து போகஸ் செய்வதில்லை. தனி மைக் செருகவும் இடமில்லை. ஆர்50ல் இரண்டும் உண்டு. 4கே வீடியோவும் உண்டு. சமையல் வீடியோ போட நினைப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

எந்தக் காமிராவானாலும் ஒரு யோசனை. உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு ஷட்டர் வேகம் விநாடியில் 125ல் ஒரு பங்கு போதும். ஓடும் குழந்தைக்கு 500ல் ஒரு பங்காவது வேண்டும். நீங்கள் தரையில் உட்கார்ந்து, குழந்தையின் கண் மட்டத்திலிருந்து எடுங்கள். மேலிருந்து எடுத்தால் தலை பெரிதாகவும் கால் சிறிதாகவும் பொம்மைபோல் தெரியும்.

தெருவும் கடலும்

எங்கள் ஊர்க் கடற்கரை கிழக்குப் பார்த்தது. காலை ஆறரை ஏழு மணிக்குக் கடலுக்கு முதுகைக் காட்டி நீங்கள் நின்று, குடும்பத்தாரைக் கடலைப் பார்க்க நிறுத்தினால், முகமெல்லாம் பொன்னாக ஒளிரும். கடலைப் பின்னணியாக வைத்தால் முகம் கறுத்துவிடும். டூமாஸ் வீதி, ரோமன் ரோலண்ட் வீதியின் மஞ்சள் சுவர்களும் காகிதப்பூக் கொடிகளும் காலை ஒன்பது மணிக்குள்ளும் மாலை நாலுக்குப் பிறகும்தான் அழகு.

நடு வெயிலில் எந்தத் திரையைப் பார்த்தாலும் நம் முகம்தான் தெரிகிறது. அதனால் வியூபைண்டர் அவசியம். இந்த இரண்டிலும் இருக்கிறது. அது இல்லாத காமிராக்களும் இதே விலையில் உண்டு, கேட்டு வாங்குங்கள். 1500டியின் வியூபைண்டர் வெயிலில் பளிச்சென்று தெரியும். பாட்டரியும் நீடிக்கும்; ஒரு தடவை சார்ஜ் செய்தால் சுமார் 500 படம் என்பது கம்பெனிக் கணக்கு. ஆர்50ன் பாட்டரி அதற்கு முன்பே தீர்ந்துவிடும், உபரியாக ஒன்று வாங்கத்தான் வேண்டும். ஆனால் படம் இருட்டாக வருமா, வெளுத்துப்போகுமா என்பது ஆர்50ல் எடுக்கும் முன்பே தெரிந்துவிடும். இன்னொன்று, 1500டியின் வியூபைண்டர் படத்தில் 95 சதவீதத்தைத்தான் காட்டுகிறது. நாம் பார்க்காத குப்பைத்தொட்டி ஒன்று ஓரத்தில் வந்து நிற்கும்!

பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் அம்மா ஒருவரிடம் கேட்டுவிட்டுத்தான் காமிராவைத் தூக்கினேன். "இன்னாம்மா, இந்த மூஞ்சியவா எடுக்கப் போற?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புதான் படம். கேட்காமல் எடுத்திருந்தால் அது கிடைத்திருக்காது. ஆசிரமம், கோயில் போன்ற இடங்களில் படமெடுக்கத் தடை இருக்கும். அறிவிப்பைப் பார்த்து நடந்துகொள்ளுங்கள்.

தூரத்தில் இருப்பவை

ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கிறது ஊசுடு ஏரிப் பறவைகள் சரணாலயம். காமிராவோடு வரும் லென்ஸை மாட்டிக்கொண்டு போனால் கொக்கு ஒரு வெள்ளைப் புள்ளியாகத்தான் தெரியும். இரண்டு காமிராவும் இங்கே ஒன்றுதான். மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் தீர்த்தவாரிக்கு வரும் சுவாமிகளையும் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து எடுக்கத் தூரத்து லென்ஸ் வேண்டும். 1500டிக்கு 55-250, ஆர்50க்கு 55-210 என்று கிடைக்கிறது. பறவையின் கண்ணையும் கண்டுபிடிப்பது ஆர்50ன் தனிச் சிறப்பு. ஆனால் வருஷத்துக்கு இரண்டு தடவை உபயோகிக்கும் லென்ஸை விலை கொடுத்து வாங்காதீர்கள். வாடகைக்கு எடுங்கள்.

பணக் கணக்கு

விலை கடைக்குக் கடை, பண்டிகைக்குப் பண்டிகை மாறுகிறது. ஆனால் 1500டி எப்போதும் கணிசமாக மலிவு. அந்த மிச்சத்தில் ஒரு 50 மி.மீ. எப்/1.8 லென்ஸே வாங்கி, கையில் காசும் வைத்துக்கொள்ளலாம்.

அந்த லென்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. காமிராவோடு வரும் லென்ஸ், மாலையில் டியூப் லைட் வெளிச்சத்தில் திணறும். ஆர்50உடன் வரும் 18-45 லென்ஸ், 1500டியின் 18-55ஐவிடவும் குறைந்த வெளிச்சத்தையே உள்ளே விடுகிறது. எப்/1.8 லென்ஸோ, எப்/5.6ல் வருவதைப்போல் ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சத்தை வாங்கும். பிறந்தநாள் கேக் மெழுகுவர்த்தி ஒளியிலேயே முகம் தெரியும். பின்னணி மெழுகாகக் கரைந்து, அழுக்குச் சுவரும் மறைந்துபோகும். ஒரே குறை: இந்தக் காமிராக்களில் 50 மி.மீ. லென்ஸ் கொஞ்சம் நெருங்கித்தான் காட்டும். பத்தடி அறையில் குடும்பம் முழுவதும் அடங்காது. ஒரு முகம், இரண்டு முகம்தான்.

1500டியில் 1987லிருந்து கேனன் வெளியிட்ட ஈ.எப். லென்ஸ்கள் எல்லாமே பொருந்தும். கைமாறிய லென்ஸ்கள் மலிவாக நிறையக் கிடைக்கின்றன. ஆர்50ல் அவற்றை மாட்ட ஓர் அடாப்டர் தேவை. ஆனால் 2020க்குப் பிறகு கேனன் கண்ணாடி வைத்த காமிராவில் புதிய மாடல் எதையும் விடவில்லை. இனி புதிய லென்ஸ்கள் வருவதெல்லாம் ஆர் வரிசைக்குத்தான்.

கைமாறிய பொருள் வாங்கும்போது லென்ஸின் ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனையில் பாருங்கள். சிலந்தி வலைபோல் தெரிந்தால் அது பூஞ்சை, வேண்டாம். ஸ்க்ரூக்களில் துரு இருந்தாலும் வேண்டாம். புதிதென்றால் பில்லும், இந்திய வாரண்டிக் கார்டும் இல்லாமல் வாங்காதீர்கள்.

கடற்கரை ஊரில் பாதுகாப்பு

உப்புக் காற்றும் ஐப்பசி கார்த்திகை மழையும் காமிராவுக்கு எதிரிகள்.

• பீரோவில் அந்துருண்டையோடு வைக்காதீர்கள். அந்த ஆவி ஆகாது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள்.

• கடற்கரையில் லென்ஸ் மாற்றாதீர்கள். முக்கியமாக ஆர்50ல் கண்ணாடி இல்லாததால், லென்ஸைக் கழற்றினால் சென்ஸார் திறந்தே இருக்கும். மணல், தூசு நேரே அதில் போய் உட்காரும்.

• வீட்டுக்கு வந்ததும் லேசாக ஈரம் செய்த மெல்லிய துணியால் உடலைத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். லென்ஸ் கண்ணாடியை முந்தானையால் துடைக்கவே கூடாது!

• சும்மா வைத்திருந்தாலும் மாதம் இருமுறை எடுத்து நாலு படம் எடுங்கள்.

அவள் எதை வாங்கினாள்?

வீட்டில் எல்லோரும் சிக்கனத்தைப் பார்த்து 1500டி என்றார்கள். அவள் இரண்டு நாள் யோசித்தாள். "ரவிக்கைய நாளைக்கும் எடுத்துக்கலாம்க்கா. போன்லயே எடுத்தாலும் விக்குது. இவ மொத அடி வைக்கறத நாளைக்கு எடுக்க முடியுமா?" என்றாள். ஆர்50 வாங்கினாள். 50 மி.மீ. லென்ஸைப் பொங்கல் ஆர்டர் பணம் வந்த பிறகு வாங்குவதாக ஏற்பாடு.

கட்டடக் கலை படிக்கும் என் மைத்துனர் மகனுக்கோ பழைய 1500டியே பொருத்தம். ரோமன் ரோலண்ட் வீதி வீடுகள் எங்கே ஓடிப்போகின்றன?

நீங்கள் எதை வாங்கினாலும் ஒன்று செய்யுங்கள். வீட்டில் படமெடுப்பவள் நீங்களே என்றால் ஆல்பத்தில் நீங்கள் மட்டும் இருக்கமாட்டீர்கள். இரண்டு காமிராவையும் போனோடு வைபையில் இணைத்து, தள்ளி நின்றே அமுக்கலாம். காமிராவை அலமாரியில் வைத்துவிட்டுக் குழந்தையோடு போய் உட்காருங்கள்.

மாதம் பத்துப் படமாவது பிரிண்ட் போடுங்கள். 1955ல் தொடங்கிய எங்கள் ஊர் பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட், தமிழகத்துப் பழைய ஸ்டூடியோக்கள் எடுத்த படங்களைத் தேடிச் சேகரித்து, டிஜிட்டலாக்கிப் பாதுகாக்கும் வேலையைச் செய்திருக்கிறது. தாத்தா, பாட்டி, மடியில் மொட்டை அடித்த குழந்தை என்று எல்லாம் சாதாரணக் குடும்பப் படங்கள். காகிதத்தில் இருந்ததால் அவை நம் கைக்கு வந்தன. உங்கள் படங்களும் காகிதத்தில் இருக்கட்டும். பின்னால் பென்சிலால் தேதியும் பெயரும் எழுதி வையுங்கள். அந்தக் குழந்தை பெரியவளானதும் முதலில் அதைத்தான் திருப்பிப் பார்ப்பாள்.